முதுகைத் திறந்தவர்கள்

அறுவையின் வரலாறு – 17

1805 அக்டோபர் 21, பிற்பகல் ஒன்றேகால் மணி. ஸ்பெயினின் டிரஃபால்கர் முனைக்கு அருகே கடற்போர் உச்சத்தில் இருந்தது. 'விக்டரி' கப்பலின் மேல்தளத்தில் நடந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் அட்மிரல் நெல்சனை, பிரெஞ்சுக் கப்பலின் பாய்மரக் கம்பத்தில் இருந்த வீரன் ஒருவன் சுட்டான். குண்டு இடது தோளில் நுழைந்து, நுரையீரலைத் துளைத்து, நடுமுதுகில் ஆறாவது, ஏழாவது முள்ளெலும்புகளை உடைத்துக்கொண்டு போய் முதுகுத் தசையில் நின்றது. கீழ்த்தளத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். மார்புக்குக் கீழே உணர்வே இல்லை என்று நெல்சனே கப்பல் மருத்துவர் வில்லியம் பீட்டியிடம் சொன்னார். சில மாதங்களுக்கு முன்பு அதே கப்பலில் முதுகில் அடிபட்ட மாலுமி ஒருவனுக்கும் இப்படித்தான் கீழுடல் மரத்துப்போயிருந்தது. அவன் பிழைக்கவில்லை. அந்தச் சாவு நெல்சன் மனதில் ஆழமாகப் பதிந்திருந்தது. அதனால் தன் முடிவும் அவருக்குத் தெரிந்துவிட்டது. பீட்டியும் மறுத்துப் பேசவில்லை. நாலரை மணிக்கு எல்லாம் முடிந்தது.

அவரைக் கொன்றது நுரையீரலில் பெருகிய ரத்தம். ஆனால் அது இல்லாமல் முதுகெலும்பு மட்டும் முறிந்திருந்தாலும் பீட்டியால் எதுவும் செய்திருக்க முடியாது. சில நிமிடங்களில் ஒரு காலை வெட்டியெடுத்து உயிரைக் காப்பாற்றத் தெரிந்த காலம் அது. முதுகில் கை வைக்க யாரும் துணியவில்லை. மண்டை ஓட்டில் துளை போட்டவர்களைச் சென்ற இதழில் பார்த்தோம். கற்காலத்திலேயே தலையைத் திறந்த மனிதன், முதுகைத் திறக்க மட்டும் ஏன் இத்தனை ஆயிரம் ஆண்டுகள் தயங்கினான்?

தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. எகிப்தில் கி.மு. 1600 வாக்கில் பிரதி எடுக்கப்பட்ட எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் சுருளில் 48 காயங்களின் குறிப்புகள் உள்ளன. கழுத்து முள்ளெலும்பு இடம் பெயர்ந்த ஒருவனைப் பற்றி அதில் வருகிறது. கையும் காலும் அவன் வசம் இல்லை. சிறுநீர் அறியாமலே சொட்டுகிறது. பார்த்தவர் கண்ணில் எதுவும் தப்பவில்லை. இது வைத்தியம் செய்யக்கூடிய நோய் அல்ல என்று எழுதி முடித்துவிட்டார். என் பார்வையில் அது கைவிடல் அல்ல, நேர்மை. பிற்காலத்தில் வந்த பலரிடம் அந்த நேர்மை இல்லை. கிரேக்கத்தில் நோயாளியை ஏணியில் தலைகீழாகக் கட்டி, உயரத் தூக்கி, 'தொப்'பென்று தரையில் மோதவிட்டு முதுகை நிமிர்த்த முயன்றவர்கள் இருந்தார்கள். கூட்டத்தை வாய் பிளக்கவைக்கும் வித்தை என்று ஹிப்போகிரடீஸ் பெயரால் வழங்கும் மூட்டுகள் பற்றிய நூல் அதைக் கண்டிக்கிறது. அதே நூலில் இன்னொரு கூர்மையான குறிப்பும் உண்டு. முள்ளெலும்பு உள்நோக்கிப் பெயர்ந்துவிட்டால் அதைப் பின்னுக்குத் தள்ள, வயிற்றைக் கிழித்து உள்ளே கை விட வேண்டும். பிணத்தில் செய்யலாம், உயிருள்ளவரிடம் முடியாது என்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வரலாற்றின் முடிச்சு இங்கேதான் விழுகிறது.

முதுகெலும்பின் அமைப்பைக் கொஞ்சம் பார்த்தால்தான் மேற்கொண்டு போக முடியும். கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5 என்று முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் முன்பக்கம் கனமான, உருண்டையான உடல் பகுதி. நம் எடையைத் தாங்குவது அதுதான். பின்பக்கம் மெல்லிய எலும்பு வளைவு. முதுகைத் தடவினால் கைக்குத் தட்டுப்படும் முள் அதிலிருந்துதான் நீட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள குழிவழியே, மூளையிலிருந்து இடுப்பின் மேற்பகுதி வரை, சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத மிருதுவான தண்டுவடம் இறங்குகிறது. கை கால் அசைவு, தொடுவுணர்வு, மலம் சிறுநீரின் கட்டுப்பாடு எல்லாம் அதன் வழியேதான். கழுத்து மட்டத்தில் அது நசுங்கினால் மூச்சுகூட நின்றுபோகலாம்.

ஒருவர் மரத்திலிருந்து விழுந்து முதுகு மடங்கும்போது பெரும்பாலும் நொறுங்குவது எது? முன்பக்க உடல். அதன் சில்லுகள் பின்னோக்கிப் பாய்ந்து தண்டுவடத்தை நெருக்கும். அழுத்தம் முன்னாலிருந்து வருகிறது. ஆனால் மருத்துவரின் கை எட்டுவது பின்னால். முன்பக்கம் போக வேண்டுமானால் இதயம், நுரையீரல், குடல், பெரிய ரத்தக் குழாய்கள் எல்லாவற்றையும் தாண்ட வேண்டும். முன்வாசலில் தீப்பிடித்த வீட்டுக்குள் பின்வாசலை இடித்துக்கொண்டு நுழைந்த கதையாகத்தான் அடுத்த நூற்றைம்பது ஆண்டு அறுவை மருத்துவம் நடந்தது.

1814-ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஹென்றி கிளைன் அந்தப் பின்வாசலில் நுழைந்தார். மார்புப் பகுதியில் எலும்பு முறிந்து விலகி, கால்கள் செயலிழந்த ஒருவருக்கு முதுகைக் கீறி, பின்வளைவுகளை எடுத்தார். லாமினெக்டமி என்று இன்று சொல்லும் அறுவை இதுதான். ஏழாம் நூற்றாண்டிலேயே ஏகினாவின் பால் என்ற மருத்துவர், குத்தும் எலும்புச் சில்லை வெட்டி எடுக்கலாம் என்று எழுதியிருந்தார். மயக்க மருந்து இல்லாத, கிருமி என்ற எண்ணமே இல்லாத லண்டனில் கிளைன் அதைச் செய்தே பார்த்தார். விலகிய எலும்பை அவரால் இடத்துக்குக் கொண்டுவர முடியவில்லை. நோயாளி இறந்துபோனார்.

அதன் பிறகு கிளம்பிய சண்டை லண்டன் மருத்துவ உலகையே இரண்டாக்கியது. ஆஸ்ட்லி கூப்பர் கிளைன் பக்கம் நின்றார். எப்படியும் சாகப்போகிறவர்களில் நூற்றில் ஒருவரைக் காப்பாற்ற வழி இருந்தாலும் முயல்வது கடமை என்பது அவர் வாதம். சார்லஸ் பெல் எதிர்த்தார். வாட்டர்லூ போரில் காயமுற்றவர்களுக்கு வைத்தியம் பார்த்தவர், நரம்புகளின் வேலையை நுணுகி ஆராய்ந்தவர். நசுங்கிய தண்டுவடத்தை வெட்டித் திறப்பது இருக்கிற அழற்சியோடு இன்னொன்றைச் சேர்ப்பதுதான் என்று 1824-ல் தனி நூலே எழுதினார். மனிதாபிமானம் கூப்பர் பக்கம், உடற்கூறு பெல் பக்கம். கத்தியின் கூர்மை மட்டும் இந்த வழக்கைத் தீர்க்கப் போதவில்லை.

அட்லாண்டிக்கின் அக்கரையில், கென்டக்கியின் டான்வில் என்ற சிற்றூரில், 1829-ல் ஆல்பன் ஸ்மித் என்பவர் குதிரையிலிருந்து விழுந்து கால்கள் செயலிழந்திருந்த ஒரு இளைஞனுக்கு இதே அறுவையைச் செய்தார். இளைஞன் பிழைத்தான், இழந்த உணர்வில் கொஞ்சம் திரும்பியது. அந்தக் கொஞ்சத்துக்காக எத்தனை பேர் எத்தனை முதுகுகளைத் திறந்திருப்பார்கள் என்று எண்ணும்போது மனம் கனக்கிறது.

1846-ல் ஈதர் மயக்கமும், 1867-ல் லிஸ்டரின் கிருமிநீக்கமும், 1895-ல் ராண்ட்ஜனின் எக்ஸ்ரேயும் வந்தன. இவை பற்றி முன்பே விரிவாக எழுதிவிட்டேன். ஆனால் 1881-ல் நடந்த ஒன்றைச் சொல்லாமல் கடக்க முடியாது. அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்டு ஜூலை 2 அன்று சுடப்பட்டார். குண்டு இடுப்பின் முதல் முள்ளெலும்பைத் துளைத்துப் போனது, தண்டுவடத்தைத் தொடவில்லை. முதுகெலும்புக் காயங்களில் இதைவிட அதிர்ஷ்டமான பாதை அமைவது அரிது. அவர் பிழைத்திருக்க வேண்டியவர். லிஸ்டரின் கட்டுரைகள் வெளியாகிப் பதினான்கு ஆண்டுகள் ஆகியும், குண்டைத் தேடிக் கழுவாத விரல்களும் கருவிகளும் காயத்துக்குள் திரும்பத் திரும்ப நுழைந்தன. சீழ் உடல் முழுவதும் பரவி, செப்டம்பர் 19 அன்று இறந்தார். முதுகைக் கீறியவர்களின் நோயாளிகள் அந்தக் காலத்தில் எதனால் இறந்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

முதல் உலகப்போர் வந்தபோது அறுவை அரங்கு சுத்தமாகிவிட்டது, எக்ஸ்ரே படமும் கிடைத்தது. அப்படியும் தண்டுவடம் அறுந்த வீரர்களில் பத்தில் எட்டுப் பேர் முதல் சில வாரங்களுக்குள் இறந்ததாக அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் எழுதினார். இறந்தது தண்டுவடத்தால் அல்ல. உணர்வற்ற உடல் ஒரே பக்கமாகக் கிடந்ததில் தோல் அழுகி எலும்பு வரை குழிந்த படுக்கைப்புண்ணும், வடியாத சிறுநீர்ப்பையில் தொடங்கிச் சிறுநீரகம் வரை ஏறிய தொற்றும்தான் அவர்களைக் கொன்றன. முதுகை எவ்வளவு திறமையாகத் திறந்து மூடினாலும், அடுத்த மாதம் இடுப்பில் புண் வைத்து இறப்பவருக்கு அதனால் என்ன பயன்?

அந்தக் கேள்வியைத் தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர் லுட்விக் குட்மன். 1917-ல், பதினெட்டு வயதில், சைலீசியாவின் கனிமத் தொழிலாளர் மருத்துவமனை ஒன்றில் தொண்டராக இருந்தபோது, முதுகு முறிந்த சுரங்கத் தொழிலாளி ஒருவரைக் கொண்டுவந்தார்கள். இவர் சில வாரங்களில் போய்விடுவார், குறிப்பெழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று குட்மனிடம் சொன்னார்கள். ஐந்தே வாரத்தில் அப்படியே நடந்தது. குட்மன் அதை மறக்கவே இல்லை. பிரெஸ்லாவில் நரம்பியல் படித்து உயர்ந்தார். யூதர் என்பதால் ஜெர்மனியை விட்டு 1939-ல் குடும்பத்தோடு இங்கிலாந்து வர வேண்டியதாயிற்று. 1944 பிப்ரவரி 1 அன்று ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் முதுகெலும்புக் காயப் பிரிவைத் தொடங்கினார்.

அவர் செய்த வைத்தியத்தில் கத்தி இல்லை. இரவு பகல் பாராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்தார்கள். நள்ளிரவில் அவரே வார்டுக்குள் வந்து பார்ப்பார். சிறுநீர்ப்பையில் டியூப்பை நிரந்தரமாக விட்டுவைக்காமல், கிருமி படாமல் அவ்வப்போது செருகி வடித்தெடுத்தார்கள். அதை மருத்துவர்களே செய்ய வேண்டும் என்பது கட்டளை. முறிந்த இடத்தை நேராக்கத் தலையணைகளை அளந்து வைத்து, எலும்பு சேரும் வரை பல வாரங்கள் படுக்கையில் வைத்தார்கள். பிறகு நாற்காலி, உடற்பயிற்சி, விளையாட்டு, வேலை. 1948 ஜூலை 29 அன்று, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், மருத்துவமனைப் புல்வெளியில் பதினாறு பேர் சக்கர நாற்காலியில் அமர்ந்து வில்லெய்தார்கள். இன்றைய பாராலிம்பிக் அங்கிருந்து வளர்ந்தது. நம் பாராலிம்பிக் வீரர் மாரியப்பனின் பதக்கங்களுக்கும் அந்தப் புல்வெளிக்கும் தொடர்பு உண்டு.

முதுகைத் திறப்பவர்களை குட்மன் கடுமையாக எதிர்த்தார். அவருக்குக் காரணம் இருந்தது. முன்பக்க எலும்பு நொறுங்கிய ஒருவருக்கு முதுகை நிறுத்திவைத்திருப்பது உடையாமல் எஞ்சிய பின்வளைவும் அதன் தசைநார்களும்தான். லாமினெக்டமி சரியாக அதைத்தான் அகற்றியது. முன்னால் அழுத்தும் சில்லு அப்படியே இருக்க, பின்னால் இருந்த கடைசிப் பிடிமானமும் போய்விடும். முதுகு மேலும் கூன் விழும், விலகும். கொஞ்சம் அசைந்த காலும் அசையாமல் போகும். கிளைன் காலத்திலிருந்து ஆயிரக்கணக்கானவர்களுக்கு நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட பெருந்தவறு இது. குட்மன் அன்றைய அறுவையைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. அவர் வழி வந்தவர்கள் அதையே என்றைக்குமான சட்டமாக ஆக்கி, நல்ல அறுவை வந்த பிறகும் கதவைச் சாத்தியே வைத்தது சரியல்ல என்பது என் எண்ணம்.

அந்தக் கதவைத் தட்டியவர் ஷெஃபீல்டின் ஃபிராங்க் ஹோல்ட்ஸ்வொர்த். அது நிலக்கரி நாடு. சுரங்கத்தில் குனிந்து வேலை செய்யும் தொழிலாளியின் மேல் கூரை சரிந்து விழும்போது, முதுகு மடங்குவதோடு முறுக்கவும் செய்கிறது. இப்படி வந்த நூற்றுக்கணக்கான முதுகுகளைப் பார்த்த ஹோல்ட்ஸ்வொர்த், 1963-ல் ஒரு பிரிவினையை முன்வைத்தார். பின்பக்கத் தசைநார்கள் அறுபடாமல் இருந்தால் எலும்பு எவ்வளவு நொறுங்கினாலும் முதுகு நிலையாக நிற்கும். அவை அறுந்துவிட்டால் நில்லாது. நிலையானதைத் தொட வேண்டாம். நில்லாததை உலோகத் தகடு வைத்துப் பிணைக்க வேண்டும். அறுவையின் நோக்கமே இங்கே மாறுகிறது. இதுவரை எதை வெட்டி எடுக்கலாம் என்று பார்த்தவர்கள், இனி எதைப் பிடித்து நிறுத்தலாம் என்று பார்க்கத் தொடங்கினார்கள். இந்த வரலாற்றில் எனக்கு மிகப் பெரியதாகத் தோன்றும் திருப்பம் இதுதான். அதைக் கற்றுக்கொடுத்தவை, நிலத்தடியில் முதுகு முறிந்த ஏழைத் தொழிலாளிகளின் உடல்கள்.

முள்ளில் பொருத்திய தகடுகள் சில மாதங்களில் பிய்த்துக்கொண்டு வந்தன. மெல்லிய எலும்பில் பிடிமானம் போதவில்லை. ஹூஸ்டனில் பால் ஹாரிங்டன் போலியோவால் வளைந்த குழந்தைகளின் முதுகை நிமிர்த்தக் கண்டுபிடித்த எஃகுக் கம்பி, பிறகு முறிவுகளுக்கும் பயன்பட்டது. அதற்கோ முறிந்த ஓர் எலும்புக்காக மேலும் கீழும் பல எலும்புகளைச் சேர்த்துக் கட்ட வேண்டியிருந்தது. விடை பாரிஸில் கிடைத்தது. பின்வளைவையும் முன்பக்க உடலையும் இணைக்க ஒவ்வொரு முள்ளெலும்பிலும் இருபக்கமும் ஒரு குறுகிய எலும்புப் பாலம் உண்டு, பெயர் பெடிக்கிள். அதன் வழியே பின்னாலிருந்து ஒரு ஸ்க்ரூவைச் செலுத்தினால் அது முன்பக்க உடல் வரை போய்க் கவ்விக்கொள்ளும். ரேமண்ட் ராய்-கமீல் 1963-ல் இதைச் செய்தார். பாலத்தின் அகலம் சில மில்லிமீட்டர். உள்பக்கம் கொஞ்சம் நகர்ந்தால் தண்டுவடம், கீழே நகர்ந்தால் நரம்பு வேர். பின்வாசலில் நின்றபடியே முன்பக்கத்தைப் பிடிக்க ஒரு வழி கிடைத்துவிட்டது. 'முதுகுல பிளேட் வச்சு ஸ்க்ரூ போட்டிருக்கு' என்று இன்று நம் ஊர்களில் சொல்கிறார்களே, அந்த ஸ்க்ரூ இதன் வாரிசுதான்.

முன்வாசலும் இதற்குள் திறந்துவிட்டது. ஹிப்போகிரடீஸ் நூல் பிணத்தில் மட்டுமே முடியும் என்றதை, 1950-களில் ஹாங்காங்கில் ஆர்தர் ஹாட்ஜ்சன் உயிரோடு இருப்பவர்களிடம் செய்தார். அவர் குறிவைத்தது முதுகெலும்புக் காசநோயை. மார்பைத் திறந்து, முன்பக்கமாகப் போய், அழுகிய எலும்பை எடுத்துவிட்டு நல்ல எலும்பை ஒட்டவைத்தார். ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவில் கழுத்தின் முன்புறம், மூச்சுக்குழாய்க்கும் பெரிய ரத்தக்குழாய்க்கும் இடையே புகுந்து முள்ளெலும்பை அடையும் வழியைக் கண்டார்கள். காசநோய்க்கும் தேய்மானத்துக்கும் வந்த வழிகள் விபத்துக்கும் உதவின. சி.டி. ஸ்கேன் வந்ததும் சில்லு எங்கே, எவ்வளவு நெருக்குகிறது என்பது கண்ணுக்கே தெரிந்தது. 1983-ல் ஃபிரான்சிஸ் டெனிஸ் 412 காயங்களை ஆராய்ந்து, முதுகெலும்பை முன், நடு, பின் என்று மூன்று தூண்களாகப் பிரித்துக் காட்டினார். பல மாதம் படுக்கையில் கிடந்தவர்களைச் சில நாட்களில் உட்காரவைக்க முடிந்தது. படுக்கைப்புண், நுரையீரல் சளி, காலில் உறையும் ரத்தம் எல்லாவற்றுக்கும் எதிரான முதல் அடி அது. குட்மன் செவிலியர்களின் கைகளால் தேடியதையே ஸ்க்ரூ இன்னொரு வழியில் தேடியது.

நம் மண்ணில் இந்தக் கதைக்கு ஒரு பெயர் உண்டு. வேலூர் சி.எம்.சி.யில் இளம் மருத்துவராக இருந்த மேரி வர்கீஸ் 1954 ஜனவரியில் ஒரு கார் விபத்தில் முதுகு முறிந்து, இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். அறுவை மருத்துவர் பால் பிராண்டின் ஊக்கத்தில் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களுக்கு அறுவை செய்யக் கற்றார். ஆஸ்திரேலியாவின் பெர்த்திலும் நியூயார்க்கிலும் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, 1960-களில் சி.எம்.சி.யில் அதற்கான துறையைக் கட்டியெழுப்பினார். 1972-ல் பத்மஸ்ரீ. அவர் தண்டுவடத்தை எந்தக் கத்தியும் குணமாக்கவில்லை. அவரிடம் வந்தவர்களோ பலர் மீண்டும் வீட்டுக்கும் வேலைக்கும் போனார்கள்.

எலும்பை நிறுத்தக் கற்றாயிற்று. தண்டுவடத்தை? 1911-ல் ஃபிலடெல்ஃபியாவில் ஆல்ஃபிரட் ரெஜினால்ட் ஆலன் நாய்களின் தண்டுவடத்தின்மேல் அளந்த எடையை, அளந்த உயரத்திலிருந்து விழவிட்டுப் பார்த்தார். அடிபட்ட கணத்தில் எல்லாம் முடிந்துவிடுவதில்லை என்று அவர் கண்டார். அடுத்த சில மணி நேரத்தில் வீக்கமும் ரத்தக்கசிவும் உயிரோடு இருக்கும் நரம்புகளையும் அழிக்கின்றன. முதல் உலகப்போரில் காயமுற்று ஆலன் இறந்துபோனார். அவர் சொன்னதன் முழுப் பொருள் விளங்க இன்னும் முக்கால் நூற்றாண்டு ஆனது. இரண்டாவது அழிவைத் தடுக்க 1990-ல் மெத்தில்பிரெட்னிசலோன் ஊசியை உலகமே நம்பியது. பலன் ஐயத்துக்குரியது, தொற்று அபாயமோ உறுதியானது என்று 2013-ல் அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர் சங்கங்களின் வழிகாட்டல் அதை வேண்டாம் என்றது. நெருக்கத்தைச் சீக்கிரம் நீக்குவது மட்டும் நிலைத்தது. கழுத்துக் காயம்பட்ட 313 பேரை வைத்து மைக்கேல் ஃபெலிங்ஸ் குழு 2012-ல் வெளியிட்ட ஆய்வில், 24 மணி நேரத்துக்குள் அறுவை ஆனவர்களில் 19.8 சதவீதம் பேர் ஆறு மாதத்தில் தண்டுவடப் பாதிப்பின் அளவுகோலில் இரண்டு படியாவது முன்னேறினார்கள். தாமதமானவர்களில் அது 8.8 சதவீதம். அறுந்த தண்டுவடத்தை ஒட்டவைக்க இன்றும் வழியில்லை. நசுங்கியதில் மிச்சமிருப்பதைக் காக்க அந்த ஒரு நாள் இருக்கிறது.

அந்த ஒரு நாளின் முதல் நிமிடங்கள் மருத்துவர் கையில் இல்லை. சாலையோரம் கூடும் நம் கையில் இருக்கின்றன. பனையிலிருந்தோ சாரத்திலிருந்தோ விழுந்தவரை அக்குளிலும் முழங்காலிலும் பிடித்து மடக்கித் தூக்கி ஆட்டோவில் திணிப்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்த மடக்கலில் ஒரு சில்லு உள்ளே போனால் எந்த ஸ்க்ரூவும் அதைத் திருப்பித் தராது. 108-க்குச் சொல்லுங்கள். வண்டி வரும் வரை தலையும் கழுத்தும் அசையாமல் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். நகர்த்தியே ஆக வேண்டுமானால் நாலைந்து பேராகச் சேர்ந்து, தலை, முதுகு, இடுப்பு ஒரே கோட்டில் இருக்கும்படி புரட்டி, பலகையிலோ கழற்றிய கதவிலோ படுக்கவைத்துத் தூக்குங்கள்.

அடுத்த இதழில்: 1896-ல் ஃபிராங்க்ஃபர்ட்டில் கத்திக்குத்துப்பட்ட இதயத்துக்குத் தையல் போட்ட லுட்விக் ரேன்.